தேய்ந்த உருளை

பிப்ரவரி கடைசி. நெத்திலி வர
இன்னும் எட்டு வாரம்.
நூறு டின்னில் மூன்று கசிகிறது.
எண்ணெய் முதலில் அட்டைப்பெட்டியில் தெரிந்தது,
பிறகு லியெர் முகத்தில்.
மூடியை மடித்து அழுத்தும் உருளை அது.
செய்த கம்பெனியைப் பூட்டியபோது
நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.
இனி யாராவது புதிதாகக் கடைந்து தர வேண்டும்.

கழற்றி, கழுவி,
மூன்று ராத்திரி மைக்ரோமீட்டரோடு உட்கார்ந்து
நானே வரைந்தேன்: பள்ளத்தின் ஆரம், ஓரத்தின் சாய்வு,
மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு வரை.
பெருமையாகத்தான் இருந்தது.

எல்கோய்பாரில்
மழை என்று சொல்ல முடியாத மழை.
ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே இடமில்லை;
வீடுகளின் காலடியிலேயே பட்டறைகள்.
மேலே துணி காய்கிறது,
கீழே இரும்பு சீவுகிறார்கள்.

கோல்டோவின் பட்டறைத் தரையில்
சோறு கொட்டிச் சாப்பிடலாம்.
சுவர் முழுக்கச் சான்றிதழ். காப்பி, கூடவே பிஸ்கட்.
வரைபடத்தை ஒரு பார்வை பார்த்து
"அப்படியே வரும்" என்றார், "மூன்று வாரம்."
குலுக்கிய கையில் எண்ணெய் வாசனை இல்லையே என்று நினைத்தேன்.
அது ஒரு குற்றமா என்றும் நினைத்தேன்.

இரண்டாவது ஆள் போனில். பாதி விலை.
எந்த எஃகு என்றதற்கு
"நல்ல எஃகு" என்றார்.
வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.
வைத்துவிட்டேன்.

மூன்றாவதற்கு வழி சொன்னது ரொட்டிக் கடை.
எடுர்னே லேத்தை நிறுத்தவில்லை.
பொறு என்று ஒரு விரல் மட்டும் காட்டினாள்.
நின்றேன். நீலம் பூத்த சீவல்கள்
சுருண்டு சுருண்டு விழுந்தன.
ஜன்னலோரத் தட்டில் கெட்டுப்போன உருப்படிகள்,
ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் தேதியும் காரணமும்.
"சூடு ஆறுமுன் அளந்தேன்."
"எண்ணை மாற்றிப் படித்தேன்."
ஒன்றில் வெறுமனே "திங்கட்கிழமை."
வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் ஏன் வைத்திருக்கிறாள்?

தலைமேல் இருந்த கண்ணாடியை
மேசையெல்லாம் தேடி எடுத்து
வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"இதை எதிலிருந்து அளந்தாய்?"
உருளையிலிருந்து.
"கசிகிற உருளையிலிருந்து?"

கம்ப்ரசர் ஒருமுறை இரைந்து ஓய்ந்தது.

"நீ வரைந்திருப்பது உருளையை இல்லை,
இருபத்தைந்து வருஷத் தேய்மானத்தை.
ரொம்ப அழகாக வரைந்திருக்கிறாய்.
இதை அப்படியே செய்து தருவேன்.
அப்படியே கசியும்."

அப்படியே வரும் என்று கோல்டோ சொன்னது
அப்போதுதான் காதில் விழுந்தது.

கசியாத டின் வேண்டும் என்றாள், பழசு.
ஆலையின் சேமிப்பறையில் ஆண்டுக்கு இரண்டு மாதிரி உண்டு.
மடிப்பை அறுத்து,
அதை மடித்த உருளையைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.
கடினப்படுத்த இங்கே உலை இல்லை, எய்பாருக்குப் போகும்,
அங்கே ஆகும் தாமதத்துக்கு நான் வாக்குத் தர மாட்டேன்.
ஆறு வாரம். முதலில் ஒன்று; ஓடினால் மீதி.
விலை கோல்டோவைவிடக் கூட.
காப்பி தரவில்லை.

ஐந்தாவது வாரம் போன்:
"உலையில் கோணிவிட்டது. திரும்பச் செய்கிறேன்.
ஏழு வாரம் என்று வைத்துக்கொள்."
நான் கேட்குமுன் அவளே சொன்னாள்.
லியெர் கத்தினான், நான் காலண்டரைப் பார்த்தேன்.
கடல் யாரையும் கேட்டு மீன் அனுப்புவதில்லை.

செய்தித்தாளில் சுற்றி வந்தது உருளை.
நானூறு டின் ஓட்டினோம்.
கீழே விரித்த காகிதம்
காகித நிறத்திலேயே இருந்தது.

மீதி மூன்றுக்குச் சொல்லிவிட்டு
என் வரைபடத்தைத் திருப்பிக் கேட்டேன்.
"தட்டில் இருக்கிறது" என்றாள்.
"தேதி போட்டாயிற்று.
காரணத்தை நீ வந்து எழுது."